கையில் கைப்பேசி, மனதில் பரிசுத்தம்: இரண்டும் சேருமா?

5 அக்டோபர் 2025, இரவு. கருங்கல் வாசகர் ஒருவரின் கேள்வி

எனக்கு 24 வயது. திருவனந்தபுரத்தில் கணினி வேலை. வார நாட்களில் விடுதி, சனிக்கிழமை ஊர். எங்கள் சபையின் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவன் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். அன்று இரவே எல்லாச் செயலிகளையும் அழித்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேலைக்கே அது வேண்டும். இப்போது ஜெபிக்க முழங்கால் போட்டாலே நான் வேஷக்காரன் என்று தோன்றுகிறது. இணையத்தை விடாமல் பரிசுத்தமாக வாழ முடியாது என்பதுதான் என் முடிவு. தவறு என்றால் சொல்லுங்கள்.

6 அக்டோபர், காலை

தவறு என்றுதான் சொல்வேன், தம்பி. பிரசங்கியாரின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. யோபு தன் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக 31ஆம் அதிகாரம் தொடங்குகிறது. கண் எதன்மேல் தங்குகிறது என்பது அன்றைக்கும் பெரிய விஷயம்தான். ஆனால் கருவியைத் தூக்கி எறிந்தால் மனம் தானாகத் தெளிந்துவிடும் என்று நம்பியவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான்காம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்று ஒருவர். கொன்ஸ்தாந்திநோபிளில் பேர்பெற்ற பிரசங்கி. மணமான ஒரு பெண்மேல் மனம் போய்விட்டது. ஊரைவிட்டே ஓடி, எருசலேம் வழியாக எகிப்தின் பாலைவனத்துக்குப் போய்த் துறவியானார். 399இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்தக் குடிலில் படம் இல்லை, பாட்டு இல்லை, பக்கத்து வீடு இல்லை. அங்கே உட்கார்ந்துதான் மனிதனைத் தாக்கும் எட்டு வகை நினைவுகளைப் பட்டியல் இட்டார். பெருந்தீனி, இச்சை, பணஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. எட்டும் அவர் பின்னாலேயே பாலைவனத்துக்கு வந்திருந்தன.

சோர்வைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் உங்கள் விடுதி அறையை எட்டிப் பார்த்தவர் போல இருக்கும். நண்பகல் நெருங்கும்போது சூரியன் நகராமல் நிற்பதுபோலத் தோன்றுமாம். துறவி சன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். ஜெபத்தின் நடுவில் யாராவது செய்தி அனுப்பியிருக்கிறார்களா என்று திரையைத் தட்டுகிறோமே, அதே கை, அதே கண்.

6 அக்டோபர், மதியம்

"கத்தோலிக்கத் துறவிகளை இங்கே இழுக்காதீர்கள்" என்று ஒருவர். ஐயா, எவாகிரியுஸ் வாழ்ந்த காலத்தில் சி.எஸ்.ஐ. சபையும் இல்லை, பெந்தெகொஸ்தேயும் இல்லை. சபைகள் பிரிவதற்கு முன்னால் இருந்த சொத்து எல்லாருக்கும் பொது.

7 அக்டோபர், இரவு

குலசேகரத்திலிருந்து ஒரு சகோதரர் மத்தேயு 5:29ஐ நீட்டியிருக்கிறார். கண் இடறலானால் பிடுங்கிப்போடு என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது நான் இளக்காரமாகப் பேசுகிறேனாம்.

அந்த வசனத்தை மென்மையாக்க எனக்கு விருப்பம் இல்லை. பிடுங்கத்தான் வேண்டும். எதைப் பிடுங்குவது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. "உனக்கு இடறல் உண்டாக்கினால்" என்கிறார். ஒவ்வொருவனும் தனக்கு எது, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவனுக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் படுக்கையில் இருக்கும் கைப்பேசி. இன்னொருவனுக்குக் கிரிக்கெட் சூதாட்டச் செயலி. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குப் பழைய வகுப்புத் தோழிகளின் புதுவீட்டுப் படங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவார். மொத்தமாக "இணையம்" என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. கூட்டத்தில் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

தம்பி, உங்களுக்கு எது என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே எழுதவும் வேண்டாம். ஆனால் ஒருவரிடம் சொல்லுங்கள்.

8 அக்டோபர், காலை

"ஒருவரிடம்" என்றது யாரை என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் வகுப்பிலும் நெடுங்காலம் இருந்தவள் என்பதால் இதில் எனக்குத் திடமான எண்ணம் உண்டு.

ஆபாசப் படங்களைப் பற்றிப் பேசும்போது நம் சபைகளில் இரண்டே வழிதான். ஒன்று, மேடையிலிருந்து கர்ஜனை. மற்றொன்று, மௌனம். இரண்டிலும் அதில் சிக்கியவன் தனியாகத்தான் இருக்கிறான். அந்தத் தனிமைதான் அந்தப் பாவத்துக்கு வீடு. வடிகட்டும் செயலி போடலாம், கெடுதல் இல்லை. போட்டவனுக்கே கடவுச்சொல் தெரியும் என்றால் பெரிய பயனும் இல்லை.

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. வாரம் ஒருமுறை கூடவேண்டும். ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கவேண்டிய கேள்விகளில் முதலாவது, போன கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன என்பது. அடுத்தது, என்ன சோதனை வந்தது. அதற்கடுத்தது, எப்படித் தப்பினாய். பரிசுத்தத்தைப் பற்றி அதிகமாகப் பேசிய மனிதர், அதை ஒருவன் தனியாகக் கட்டியெழுப்புவான் என்று நம்பவில்லை.

எங்கள் வாலிபர் வகுப்பில் ஒரு மூத்த அண்ணன் இருந்தார். ரப்பர் பால் வெட்டும் தொழில். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். பையன்கள் சிலர் வெட்டு இல்லாத மழைநாட்களில் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவார்கள். அவர் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வாரம் எப்படி?" பதிலைச் சொன்னவனைத் திட்டமாட்டார், போதகரிடம் கொண்டுபோகமாட்டார். கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, சேர்ந்து ஜெபிப்பார். அடுத்த வாரமும் கேட்பார். மறக்காமல் கேட்பார் என்பது தெரிந்ததாலேயே பலர் கைப்பேசியைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று அவர்களே பிற்பாடு என்னிடம் சொன்னார்கள்.

உங்களுக்கு வேண்டியது அப்படி ஒரு திண்ணை. வயதில் மூத்தவர், உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவர், வாய் இறுக்கமானவர்.

8 அக்டோபர், இரவு

"பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லையே அக்கா" என்று எழுதிய சகோதரிக்கு: இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

10 அக்டோபர், காலை

இரண்டு நாட்களாக யோசித்தேன். இழை முழுவதும் கண்ணைச் சுற்றியே போகிறது. பரிசுத்தம் என்றாலே நம் ஆட்களுக்கு அந்த ஒரு பாவம்தான் ஞாபகம் வருகிறது. அது வெட்கப்படவைக்கும் பாவம். வெட்கம் இருக்கிறவரை மனந்திரும்ப வழி இருக்கிறது. வெட்கமே படாமல், ஜெபக் குறிப்பு என்ற பெயரிலேயே செய்யும் பாவம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதைப் பற்றித்தான் பயம்.

சில காலம் முன்பு எங்கள் ஜெபக் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு கூட்டம், கையில் கம்பு, பின்னால் இடிந்த சுவர். கீழே மூன்று வரி: இன்ன ஊரில் நம் ஆலயத்தை இன்னார் இடித்துவிட்டார்கள், எல்லாச் சபைகளுக்கும் தெரியப்படுத்துங்கள், ஜெபியுங்கள். மேலே இரட்டை அம்புக்குறி, பலமுறை பகிரப்பட்ட செய்தி என்ற அடையாளம். அனுப்பியவர் மரியாதைக்குரிய மூப்பர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கடையின் பெயர்ப்பலகை. எழுத்து தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. மூப்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். "உண்மையாக இருந்தால் நல்லதுதானே, ஜெபிப்பார்கள்" என்றார். பொய்யாக இருந்தால் என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு நீக்கிவிட்டார். அதற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஒரே வேலிக்கு இரு பக்கமும் இருக்கிறோம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை என் தலைமுறை மறக்காது. அப்போது கைப்பேசி இல்லை. சைக்கிளில் வந்தவன் சொன்னான், மீன்காரி சொன்னாள் என்றே ஊர் ஊராகப் பதற்றம் பரவியது என்று அம்மா சொல்வார். பிறகு குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். காவி உடுத்த ஒரு சைவ மடாதிபதி நம் கடற்கரை ஊர்களில் சமாதானத்துக்காக நடந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எபிரெயர் 12:14 பரிசுத்தத்தை நாடச் சொல்வதற்கு முன்னால் யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள் என்கிறது. பரிசுத்தத்தை மட்டும் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம்.

2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், அதிகம் பரவிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொய்யின் வேகத்தைக் குறைக்க ஒரு நிறுவனத்துக்கே விதி தேவைப்பட்டது. நாவைப் பற்றி எச்சரிக்கும் யாக்கோபின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும் நாம் அதைவிடக் கடுமையான விதியை நமக்கே போட்டுக்கொள்ள வேண்டாமா?

10 அக்டோபர், மாலை

சேர்க்க மறந்தது. போப் பிரான்சிஸ் 2018இல் பரிசுத்தத்தைப் பற்றி எழுதிய மடலில் இதையே சொல்கிறார்: கிறிஸ்தவர்களும் இணையத்தின் சொல்வன்முறை வலைகளில் சிக்கிக்கொள்ளலாம், கத்தோலிக்க ஊடகங்களிலேயே எல்லை மீறுகிறார்கள் என்று. சொந்த வீட்டைப் பார்த்துச் சொன்னதால் எனக்குப் பிடித்தது. நம் பக்கத்தில் மற்ற சபைகளைக் கிழிப்பதையே ஊழியமாக நடத்தும் யூடியூப் பிரசங்கங்களை ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

12 அக்டோபர், ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு

கோட்டாறு பக்கத்துச் சகோதரர் கார்லோ அகுதிஸைக் கொண்டுவந்திருக்கிறார். இன்று அவருடைய நினைவுநாள் என்பதை அவர் சொல்லித்தான் கவனித்தேன். நன்றி. ஒரு திருத்தம் மட்டும். அவருக்குப் புனிதர் பட்டம் ஏப்ரலில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 27 என்று குறித்திருந்தார்கள்; 21ஆம் தேதி போப் பிரான்சிஸ் இறந்ததால் தள்ளிப்போனது. செப்டம்பர் 7 அன்று போப் லியோ கொடுத்தார்.

தெரியாதவர்களுக்கு: 1991இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்த பையன். 2006இல் இரத்தப் புற்றுநோயில் 15 வயதில் இறந்தான். கணினி நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்தான். நான் சீர்திருத்த சபைக்காரி, அற்புதப் பட்டியல் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் அவன் விளையாட்டுக் கருவியை வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டான் என்பதும், தினமும் ஆலயத்துக்குப் போனான் என்பதும், வழியில் தெருவில் படுத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிப் பேசத் தெரிந்துவைத்திருந்தான் என்பதும் எந்தச் சபைக்கும் பொருந்தும். பிரசங்கியார் சொன்ன விதி உண்மையானால் இந்தப் பையனுக்கு இடமே இல்லை.

12 அக்டோபர், இரவு

"அப்படியானால் இணையத்தில் நாமும் சாட்சியாக வாழலாம், தினமும் ஜெப வீடியோ போடலாம்" என்று ஓர் இளைஞர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள். இங்கேதான் எனக்கு உண்மையான தயக்கம்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஜெபம், உபவாசம், தர்மம் மூன்றுக்கும் ஆண்டவர் ஒரே கட்டளை வைக்கிறார்: அந்தரங்கத்தில். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்கிறார். நாம் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பேசியை எதிரில் நிறுத்துகிறோம். உபவாசம் முடிந்த முகம், ஏழைக்கு அரிசிப்பை கொடுக்கும் கை, வாங்குகிறவரின் குனிந்த தலை, எல்லாம் படம். வாங்கிய அம்மாவின் பேரன் அதே ஊர்ப் பள்ளியில் படிக்கிறான் என்பதை யோசித்தார்களா? எவாகிரியுஸ் வீண்புகழைப் பற்றி எழுதும்போது, மற்ற நினைவுகளை வென்றவனைத்தான் அது பிடிக்கும் என்கிறார். கெட்ட படத்தை விட்டவனுக்கு அடுத்து வரும் சோதனை, விட்ட கதையைச் சொல்லி விருப்பக்குறி எண்ணுவது.

இந்த மாவட்டத்தில் பரிசுத்தத்துக்கு அடையாளமாக நாம் சொல்பவர்களைப் பாருங்கள். மிஷனெரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். சம்பளம் வந்தால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். உடுப்பு கிழிசல், தலையில் வைக்கோல் தொப்பி. 1816இல் புறப்படும்போது போட்டுக்கொள்ள ஒரு மேல்கோட்டுகூட இல்லை என்று பார்த்தவர்கள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றுவரை தெரியாது. கல்லறை இல்லை. அவர் விதைத்ததில்தான் நம்மில் பாதிப்பேர் முளைத்தோம்.

கிறிஸ்தவரானதால் தண்டிக்கப்பட்ட தேவசகாயத்துக்கோ ஊரே கூடி நின்றது. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டார்கள். அந்தக் கூட்டம் அவர் கூட்டியது இல்லை; அவரை அவமானப்படுத்தக் கூட்டியது. புலியூர்க்குறிச்சியில் அவர் முட்டியால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் பாறை இருக்கிறது. ஒருமுறை போனபோது ஒரு குடும்பம் அங்கே ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பெண்பிள்ளை கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள், தகப்பனார் வெளிச்சம் சரியில்லை என்று திரும்ப மூடச் சொன்னார், திரும்பவும் மூடினாள். பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெபத்தை அவளுக்கு நாம் அப்படித்தான் காட்டியிருக்கிறோம்.

14 அக்டோபர், காலை

சின்னத்துறையிலிருந்து வந்த மறுப்பு நியாயமானது. அப்படியே சுருக்கித் தருகிறேன்: "ஆழ்கடலுக்குப் போன எங்கள் ஆட்கள் வாரக்கணக்கில் கடலில். மகள் குவைத்தில் செவிலியர். வீடியோ அழைப்பு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபமே கிடையாது. ஒக்கிப் புயலில் செய்தி எட்டாததால் என்ன நடந்தது என்று எங்களைக் கேளுங்கள். இணையத்தைச் சாத்தான் என்பவர்கள் கரையில் இருப்பவர்கள்."

2017 நவம்பர் 30 அன்று இந்தக் கடற்கரை இழந்ததை நினைத்தால் இதற்குப் பதில் பேச வாய் வராது. செய்தி போய்ச் சேர்வது அன்பின் காரியம். நானும் சாட்சி: 2020இல் ஆலயம் மூடியபோது படுக்கையில் கிடந்த என் மாமியார் யூடியூபில் ஆராதனை பார்த்து, கீர்த்தனை வரும்போது உதட்டை அசைப்பார். ஆலயம் திறந்த பிறகு நடமாட்டம் உள்ளவர்களும் வீட்டிலேயே நைட்டியோடு பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். அது வேறு.

எனவே தயக்கத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கிக்கொள்கிறேன். தூரத்தில் இருக்கும் நம்மவரை அருகில் கொண்டுவருகிறதா, அருகில் இருப்பவரைத் தூரமாக்குகிறதா? சின்னத்துறை வீட்டு வீடியோ அழைப்பு முதல் வகை. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு திரை இரண்டாம் வகை.

15 அக்டோபர்

தக்கலை சகோதரிக்கு, குடும்ப ஜெபத்தில் வேதாகமச் செயலி வைத்து வாசிக்கலாமா என்ற கேள்விக்கு: பாவம் இல்லை, ஆனால் வேண்டாம். மேலே இருந்து அறிவிப்பு ஒன்று இறங்கியதும் பிள்ளையின் கண் சங்கீதத்திலிருந்து அதற்குப் போய்விடும், பெரியவர்களுக்கும்தான். பெரிய எழுத்து அச்சு வேதாகமம் ஒன்று வாங்குங்கள். கைப்பேசிகள் எல்லாம் அந்த அரைமணி நேரம் சமையலறை அலமாரியில் இருக்கட்டும். அப்பாவுடையதும். குறிப்பாக அப்பாவுடையதும்.

19 அக்டோபர், இரவு

கருங்கல் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். சபையில் ஒரு மாமாவிடம் பேசினாராம். அவர் அதிர்ச்சியடையவில்லையாம், அதுவே தனக்கு அதிர்ச்சியாக இருந்தது என்கிறார். விடுதியில் இரவில் கைப்பேசியை அறைத்தோழனின் மேசையில் வைக்கத் தொடங்கியிருக்கிறாராம். "ஆனாலும் விழுகிறேன் அக்கா" என்கிறார். விழுந்தால் அந்த மாமாவிடம் சொல்லுங்கள். வேஷக்காரன் தன் விழுகையை யாரிடமும் சொல்வதில்லை. முழங்கால் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை நீங்கள் சுத்தமாக இருந்ததால் வந்தது இல்லை. அதைக் கொடுத்தவர் சிலுவையில் விலை கொடுத்திருக்கிறார்.

21 அக்டோபர், காலை

திருவட்டாறு சகோதரர் கேட்டது: பாடகர் குழு வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்ந்து அயல்மதத்தாரை இழிவுபடுத்தும் படங்களைப் போடுகிறார், குழுவைவிட்டு விலகிவிடட்டுமா?

உடனே விலகாதீர்கள். மற்றவர்கள் முன்னால் அங்கேயே பதில் எழுதவும் வேண்டாம். எழுதினால் அவர் இரண்டு மடங்கு போடுவார். மத்தேயு 18:15இன்படி அவரைத் தனியே பாருங்கள், நேரில், முடிந்தால் அவர் வீட்டில். அவருடைய பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுங்கள். நம் ஊரில் எல்லாருக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் வண்டி எடுத்து வந்த வீடு. அந்த வீட்டுக்காரரிடம் இந்தப் படத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அவர் உங்கள் பேச்சைக் கேட்காவிட்டால் பாடகர் குழுத் தலைவரையும் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதற்கும் கேட்காவிட்டால் விலகுங்கள், ஏன் விலகுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு. பாட்டுப் பயிற்சிக்கு மட்டும் நிறுத்தாமல் போங்கள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு நேரம் நெருங்குகிறது, அந்தச் சகோதரரும் அங்கேதான் உங்கள் பக்கத்தில் நின்று பாடுவார்.